ஊசிக்கு முந்தைய அரை மணி நேரம்



மனநல மருத்துவமனையின் உள்நோயாளி வார்டில் வேலை செய்கிறவர்கள் அடிபடாமல் இருக்க என்ன செய்யலாம் என்பது இந்தச் சொற்பொழிவுக்கு எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பொருள். இதைப் பேசத் தொடங்கினாலே பேச்சு இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும். காவலாளியைப் போடு, கேமரா வை, சட்டத்தைக் கடுமையாக்கு என்று ஒரு கட்சி. நோயாளிதானே, பாவம், பொறுத்துப் போங்கள் என்று இன்னொரு கட்சி. செவிலியராக இருந்து பிறகு செவிலியருக்குப் பாடம் எடுத்தவள் நான். எனக்கு இரண்டின் மீதும் சலிப்பு உண்டு. முதல் கட்சி அடி விழுந்த பிறகுதான் வந்து சேர்கிறது. இரண்டாவது கட்சி அடியையும் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறது.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 35 இடங்களில் தீவிர சிகிச்சை மனநல வார்டுகளில் சேர்ந்த ஏறக்குறைய 24,000 பேரைக் கணக்கில் எடுத்தது. பெரும்பாலும் பணக்கார நாடுகளின் கணக்கு. அவர்களில் நூற்றுக்கு 17 பேர் ஒருமுறையாவது வன்முறையில் இறங்கியிருந்தார்கள். இதைக் கேட்டதும் பயப்படுகிறவர்கள் மிச்சம் 83 பேரையும் எண்ணிக்கொள்ள வேண்டும். மனநோய் என்றாலே கையில் கல்லோடு நிற்பவன் என்று நம் சினிமா காட்டும் படம் பொய். அதே சமயம் 17 என்பது சின்ன எண்ணும் இல்லை. நாற்பது கட்டில் போட்ட வார்டில் ஆறேழு பேர். அவர்கள் யார் யார் என்று அட்மிஷன் போடும்போது நெற்றியில் எழுதியிருக்காது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு ஆய்வு. அடி விழுவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று 71 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். மிக அதிகமாகக் கண்ணில் பட்ட காரணம், பணியாளருக்கும் நோயாளிக்கும் இடையே நடந்த ஏதோ ஒன்று. நூற்றில் 39 சம்பவங்கள் அப்படி. அதிலும் முன்னால் நிற்பது, நோயாளி கேட்டதை மறுப்பது, போக விடாமல் தடுப்பது. வெளியே போகணும், கூடாது. பீடி வேணும், கிடையாது. வீட்டுக்குப் பேசணும், இப்ப முடியாது.

மறுக்காமல் ஒரு வார்டை நடத்த முடியாது. ஆகவே நாம் பார்க்க வேண்டியது எப்படி மறுக்கிறோம் என்பதை. அதை நம் ஊரில் எப்படிச் செய்கிறோம் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

நம்மிடம் வந்து சேரும் நோயாளிகளில் பலரை வீட்டார் உண்மை சொல்லிக் கூட்டி வருவதில்லை. குலதெய்வம் கோயிலுக்குப் போகிறோம் என்று வேனில் ஏற்றுவார்கள். சர்க்கரைக்கு டெஸ்ட் எடுக்கப் போகிறோம் என்பார்கள். இரும்புக் கதவு சாத்திய பிறகுதான் அந்த ஆளுக்கு எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியும். வேன் போய்விட்டது. பொய் சொன்ன அண்ணனும் போய்விட்டார். எதிரில் நிற்பது வெள்ளைக் கோட்டுப் போட்ட நாம். அண்ணன் மேல் வர வேண்டிய கோபம் நம் மேல் வருகிறது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எனக்கு வியப்பு, அந்தப் பொய்யை நாமும் வாங்கித் தொடர்வதுதான்.

பெயரோ ஊரோ வேண்டாம், ஒரு மூடிய வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். முப்பது வயதிருக்கும், கோயிலுக்கு என்று கூட்டி வரப்பட்டவர். காலை டியூட்டி சிஸ்டரிடம் கேட்கிறார்: "எப்ப வீட்டுக்கு விடுவீங்க?" "நாளைக்குப் போலாம்பா." ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் கேட்கிறார். "பார்க்கலாம், மாத்திரை ஒழுங்கா போடுங்க." கூட்டிப் பெருக்கிய ஆயாம்மாவிடம் கேட்கிறார். "உங்க அண்ணன் சாயங்காலம் வந்துடுவாரு சாமி." மூன்று பேரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அவர் மூன்றையும் சேர்த்துவைத்துக்கொண்டு, சட்டையை மாற்றி, துண்டில் துணிமணியைக் கட்டிக்கொண்டு, சாயங்காலத்திலிருந்து கிரில் கேட் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது எழுந்து போகவில்லை. எட்டரைக்கு நைட் டியூட்டி சிஸ்டர் கேட்டைப் பூட்ட வந்தார். அவருக்குக் காலையிலிருந்து நடந்த எதுவும் தெரியாது. "போய்ப் படுங்க, எதுவா இருந்தாலும் காலையில பேசிக்கலாம்" என்று சொல்லி முதுகைக் காட்டித் திரும்பிப் பூட்டைப் போட்டார். கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரால் அடி விழுந்தது. தலையில் தையல்.

மறுநாள் பதிவேட்டில் எழுதப்பட்டது ஒரே வரி. நோயாளி திடீரென்று, எந்தக் காரணமும் இல்லாமல் தாக்கினார் என்று. துணி மூட்டையோடு மூன்று மணி நேரம் கேட்டடியில் உட்கார்ந்திருந்ததை யாரும் எழுதவில்லை. எத்தனையோ பதிவேடுகளை நான் புரட்டியிருக்கிறேன். இந்தத் திடீர் என்பது அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது.

அந்த ஆளிடம் என்ன சொல்லியிருக்கலாம்? "நாளைக்கு முடியாதுங்க. வியாழக்கிழமை பெரிய டாக்டர் பார்த்துட்டுதான் சொல்வார். உங்களைப் பொய் சொல்லிக் கூட்டி வந்தாங்கன்னு தெரியும், கோபம் வரத்தான் செய்யும். இப்ப அண்ணனுக்கு ஃபோன் போட்டுத் தரட்டுமா?" கேட்டதும் அவர் கத்தியிருப்பார். பகல் பதினோரு மணிக்கு, நாலு பேர் இருக்கும்போது, கத்தித் தீர்த்திருப்பார். ஃபோன் போட்டுத் தருவது நம் தயவும் அல்ல. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு வெளியாரோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் உரிமையை நோயாளிக்குக் கொடுத்திருக்கிறது. விருப்பப்பட்டால் சொந்த உடையை உடுத்துவது, கட்டாயமாக மொட்டை அடிக்கப்படாமல் இருப்பது ஆகியவற்றையும் அதே சட்டம் சொல்கிறது. இவற்றை மனித உரிமைக் கணக்கில் மட்டும் எழுதி மூடிவிடுகிறோம். மொட்டை அடித்து, சீருடை மாட்டி, ஃபோனைப் பிடுங்கி வைத்த வார்டில் அடி வாங்கப்போவது அந்தச் சட்டத்தைப் படிக்காத அதிகாரியா? ராத்திரி டியூட்டிப் பெண்தான்.

கெட்ட செய்தியைச் சொல்வதற்கு ஒரு முறை வேண்டும் என்பதைப் பாடமாகவே வைத்திருப்பவர்கள் உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மனநலச் செவிலியப் பேராசிரியராக இருந்த லென் பவர்ஸ் வார்டுச் சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 'சேஃப்வார்ட்ஸ்' என்ற முறையை உருவாக்கினார். அதில் பத்து நடைமுறைகள். நோயாளிக்கு வரப்போகும் கெட்ட செய்தியை முன்கூட்டியே கண்டுபிடித்து, பக்குவமாகச் சொல்லி, பிறகு ஆள் கூடவே இருப்பது ஒன்று. லீவு மறுக்கப்பட்டது, மனைவி வர மாட்டேன் என்றது, கோர்ட்டு நோட்டீஸ் எல்லாம் அதில் அடங்கும். நோயாளிகளும் ஊழியர்களும் சேர்ந்து உட்கார்ந்து இன்று யார் யாருக்கு உதவலாம் என்று பேசுவது இன்னொன்று. டியூட்டி மாறும்போது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஊழியர்களும் நோயாளிகளும் தங்களுக்குப் பிடித்த பாட்டு, சாப்பாடு, ஊர் என்று ஆபத்தில்லாத நாலு விஷயத்தை எழுதி எல்லோரும் பார்க்க வைப்பது ஒன்று. இது நம் வார்டில் எடுபடுமா என்று கேட்டவர்களிடம் நான் சொல்வது, இளையராஜாவின் ஒரு பாட்டுப் பெயரைச் சுவரில் எழுதி வைத்துப் பாருங்கள், அரை மணி நேரம் சண்டை இல்லாமல் போகும். பாட்டைப் பற்றி வேண்டுமானால் சண்டை வரலாம்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இங்கிலாந்தில் 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் இதைக் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். 2015இல் முடிவு வந்தது. மோதல் சம்பவங்கள் 15 சதவீதம் குறைந்தன. கட்டுவது, அடைப்பது, வலிய ஊசி போடுவது போன்ற அடக்குமுறைகள் 26 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. மந்திரம் போட்டதுபோல் எல்லாம் அடங்கிவிடவில்லை. 85 சதவீதம் மோதல் அப்படியே இருந்தது. அதனால்தான் அந்த எண்ணை நான் நம்புகிறேன்.

அடுத்து, வரப்போவதை முன்கூட்டிக் கண்டுகொள்வது. நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரில், புரோசெட் என்ற மருத்துவமனையில் உருவானது ஒரு பட்டியல். அதில் ஆறே ஆறு கேள்விகள். குழப்பமாக இருக்கிறாரா, எரிச்சலாக இருக்கிறாரா, கூச்சலும் ஆர்ப்பாட்டமுமாக இருக்கிறாரா, வாயால் மிரட்டுகிறாரா, கை ஓங்கி மிரட்டுகிறாரா, சாமான்களை உடைக்கிறாரா. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், ஒவ்வொரு டியூட்டியிலும். மூன்றோ அதற்கு மேலோ வந்தால் அடுத்த 24 மணி நேரத்தில் ஆபத்து அதிகம், இப்போதே ஏதாவது செய்ய வேண்டும். ஒன்றோ இரண்டோ வந்தாலும் கண் வைத்திருக்க வேண்டும். ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று நிமிட வேலை. சுவிட்சர்லாந்தின் தீவிர சிகிச்சை வார்டுகளில் சோதித்து 2008இல் எழுதினார்கள்: கடுமையான தாக்குதல்கள் 41 சதவீதம் குறைந்தன.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தத் தாளை அச்சடித்து வைத்திருந்த ஒரு மருத்துவமனைக்கு நான் போயிருந்தேன். வார்டு முழுவதற்கும், ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், வரிசையாகப் பூஜ்யம். அடுத்த நாளைக்கும் போட்டு வைத்திருந்தார்கள்! அங்கீகாரம் கொடுக்க ஆய்வுக்கு வருகிறார்கள் என்று சேர்த்த தாள் அது. மூன்று என்று எழுதினால் டியூட்டி டாக்டர் எழுந்து வருவார், மருந்து மாற்றுவார், ஒரு ஆள் கூடுதலாகப் போடுவார்கள் என்றால் சிஸ்டர்கள் உண்மையை எழுதுவார்கள். எழுதியும் யாரும் வரவில்லை என்றால் எதற்காக எழுத வேண்டும்?

இதையெல்லாம் மீறி ஊசி போட்டே ஆக வேண்டிய நேரமும் வரும். அவனைக் கொன்றுவிடு என்று காதில் குரல் கேட்டுக்கொண்டிருப்பவரிடம் பக்குவமான பேச்சு எடுபடாது. குடியை நிறுத்திய மூன்றாம் நாள் நடுக்கத்தோடு சுவரில் பாம்பு ஊர்கிறது என்பவரிடமும் எடுபடாது. அவருக்கு வேண்டியது மருந்து, அதுவும் உடனே. ஊசி விஷயத்தில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆர்ப்பாட்டத்தோடு வந்த 200 நோயாளிகளிடம் லோரசிபாம் ஒருபுறம், ஹாலோபெரிடாலும் புரோமெதசினும் சேர்ந்தது மறுபுறம் என்று ஒப்பிட்டு, 2004இல் வெளியிட்டார்கள். நான்கு மணி நேரத்தில் இரண்டு பக்கமும் 96 சதவீதம் பேர் அமைதியாகவோ தூக்கத்திலோ இருந்தார்கள். சேர்ப்பு ஊசி போட்டவர்கள் அதிகம் தூங்கினார்கள். 2007இல் இன்னொரு சோதனை, ஓலான்சபினோடு, 300 பேரிடம். அதே காலத்தில் ரியோ டி ஜெனிரோவில் நடந்த சோதனையில் ஹாலோபெரிடாலைத் தனியாகப் போட்டால் கழுத்தும் நாக்கும் இழுத்துக்கொள்ளும் ஆபத்து தெரிந்து பாதியிலேயே நிறுத்தினார்கள். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2015இல் கொடுத்த வழிகாட்டியில் லோரசிபாமும் இந்தச் சேர்ப்பும்தான் இருக்கின்றன. வேலூரிலும் ரியோவிலும் நெருக்கடியான அவசரப் பிரிவில் ராத்திரி ஊசி போட்டவர்கள் கண்டதை லண்டன் படித்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஊசிக்கு இத்தனை உழைத்த நாம், ஊசிக்கு முந்தைய அரை மணி நேரத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு உழைத்திருக்கிறோமா? சேர்ப்பு ஊசி எல்லா வார்டிலும் இருக்கிறது. ஒரு பேச்சு முறைப் பயிற்சியாவது பெற்ற அட்டெண்டர் எத்தனை வார்டில் இருக்கிறார்?

கட்டுவதைப் பற்றி. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அது மருத்துவமனை இல்லை, காப்பகம் என்று நாம் தப்பித்துக்கொள்ளலாம். 2017 சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்துவிட்டது; தனிமையில் அடைப்பதையும் தடை செய்துவிட்டது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டும் உடலைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது 97ஆம் பிரிவு. ஆள் பற்றாக்குறை என்ற ஒரே காரணத்துக்காகக் கட்டக் கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறது. சட்டத்தை எழுதியவர் ஏதோ ஒரு வார்டுக்கு ராத்திரியில் போயிருக்க வேண்டும்.

செவிலியர்கள் என்னிடம் கேட்பது இது: "மேடம், கட்டக் கூடாதுன்னா எங்களுக்குத்தானே அடி?" நியாயமான கேள்வி. பின்லாந்தில் வன்முறை வரலாறு உள்ள, மனச்சிதைவு நோய் கொண்ட ஆண்களை வைத்திருக்கும் உச்சப் பாதுகாப்பு வார்டுகளில், கட்டுவதையும் அடைப்பதையும் குறைக்கும் ஒரு முறையைச் சோதித்து 2013இல் எழுதினார்கள். புது முறையைக் கொண்டுவந்த வார்டுகளில் அடைத்தோ கட்டியோ தனியறைக் கண்காணிப்பிலோ வைத்திருந்த நோயாளி நாட்கள் 30 சதவீதத்திலிருந்து 15 ஆயின. வன்முறை கூடவில்லை. மிகக் கடினமான நோயாளிகள் இருந்த இடத்தில் இது நடந்தது. கட்டும் நேரத்தில்தான் மணிக்கட்டும் விரலும் உடைகின்றன என்பது பிடித்துக் கட்டியவர்களுக்குத் தெரியும். அவிழ்த்த பிறகு அந்த நோயாளி யாரைப் பார்த்து முறைப்பார் என்பதும் தெரியும்.

உடம்பைக் காத்துக்கொள்வதற்கும் சில பழக்கங்கள் உண்டு, மனநலச் செவிலியம் படிக்க வந்திருக்கும் மாணவிகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். தாலிச் சங்கிலி உள்ளே, பின் குத்தி. கொண்டை போட்ட முடி. ஸ்டெதஸ்கோப் கழுத்தில் தொங்கக் கூடாது. அடையாள அட்டையின் நாடா இழுத்தால் அறுந்துவர வேண்டும். கோபமாக இருப்பவரின் நேர் எதிரே நிற்காதீர்கள், சற்றுப் பக்கவாட்டில், ஒரு கை நீளத்துக்கும் கூடுதலாக விட்டு நில்லுங்கள். கதவு உங்கள் பக்கம் இருக்கட்டும், ஆனால் அவருக்கும் வெளியே போக வழி இருக்கட்டும். ஒருவர் மட்டும் பேசுங்கள். "ஊசி போட்டுடுவேன்" என்று மருந்தை மிரட்டலாக்காதீர்கள். நாளைக்கு அதே மருந்தை மருந்தாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கட்டடத்துக்கும் இதில் பங்கு உண்டு. சுவீடனின் கோதன்பர்க் நகரில் ஓஸ்ட்ரா மருத்துவமனையில் தனி அறைகள், தோட்டத்துக்கு வழி, சத்தம் குறைந்த கூடம் என்று மனநலப் பிரிவைக் கட்டினார்கள்; ஆராய்ந்த ரோஜர் உல்ரிச் குழு, நோயாளிகளைக் கட்டிவைப்பது அங்கே குறைந்ததைக் கண்டது. நமக்கு அந்தப் பணம் இல்லை. அறுபது பேருக்கு இரண்டு குழாய், ஒரு டிவி ரிமோட் என்பதை மாற்றப் பணம் இருக்கிறது.

நம்மிடம் இருப்பது, அவர்களிடம் இல்லாதது, குடும்பம். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டு நோயாளியோடு தங்க வைத்தார். வேலூரில் 1957இல் தொடங்கிய பாகாயம் மனநல மையமும் குடும்பத்தோடு தங்கும் வழியில்தான் வளர்ந்தது. தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால் பாதிக் கலவரம் எழாது. ஆனால் அந்த முகமே கலவரத்துக்குக் காரணமாக இருப்பதும் உண்டு. சந்தேக நோய் உள்ள கணவர் பக்கத்தில் இருபத்துநாலு மணி நேரமும் மனைவியை உட்கார வைப்பதை நான் குடும்பப் பங்கேற்பு என்று சொல்ல மாட்டேன். யார் கூட இருக்க வேண்டும் என்பதை அட்மிஷன் அன்றே கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். பெரிய அரசு மருத்துவமனையின் மூடிய வார்டில் தனியாக விடப்பட்டவர்களுக்கு அந்தக் கேள்வியே கிடையாது.

அப்படிப்பட்டவர்களுக்கு நாளெல்லாம் பக்கத்தில் இருப்பவர் ஆயாம்மாவும் வார்டரும். பாரிஸை ஒட்டிய பிசேத்ர் மருத்துவமனையில் 1797இல் சங்கிலியை அவிழ்த்த புகழ் பினேல் என்ற டாக்டருக்குப் போனது. அவிழ்த்தவர் புசேன் என்ற வார்டு மேற்பார்வையாளர். முன்பு அங்கேயே நோயாளியாக இருந்தவர். நோயாளியை அடிக்கக் கூடாது என்று ஊழியருக்கு உத்தரவு போட்டு, குணமானவர்களையே வேலைக்கு வைத்துக்கொண்டவர். இன்று நாம் அந்த வேலைக்கு ஒப்பந்தக் கம்பெனி மூலம் ஆள் எடுக்கிறோம். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் கூட்டிப் பெருக்கியவர் இந்த மாதம் மூடிய வார்டில் நிற்கிறார். நோயாளியின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அடி முதலில் விழுவது அவர் மேல். அவர் பெயர் எந்தப் பயிற்சிப் பட்டியலிலும் இல்லை, காயம் பட்டால் எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் இல்லை.

சட்டம் பற்றிக் கேட்பீர்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. குடித்துவிட்டு வந்து கேட்டை உடைக்கும் உறவினருக்கு அது பொருந்தும், பொருந்தட்டும். ஆனால் தான் செய்வது இன்னதென்று அறிய முடியாத மனநிலையில் செய்தது குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 84. அதற்காக வார்டில் அடிபட்ட எவரும் புகாரே கொடுக்கக் கூடாது என்று நிர்வாகம் வாயை அடைப்பதையும் ஏற்க மாட்டேன். தெளிவாக இருக்கும்போது திட்டமிட்டுத் தாக்கியவரும் உண்டு. அதைத் தீர்மானிப்பது கோர்ட்டின் வேலை, சூப்பிரண்டின் வேலை அல்ல.

அடிபட்ட சிஸ்டரிடம் நம் நிர்வாகம் கேட்கும் முதல் கேள்வி "நீங்க என்ன சொன்னீங்க?" என்பது. நான் இதுவரை சொன்னதை வைத்து யாராவது இனி இந்தக் கேள்வியைக் கேட்டால் அது என் பேச்சைத் தலைகீழாகப் புரிந்துகொண்டது. கேட்டைப் பூட்ட வந்த அந்தப் பெண் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் மூன்று பேர் சொன்னது அவருக்கு வந்து சேரவில்லை. முதலில் காயத்துக்கு மருந்து, ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் பதிவு, வீட்டுக்கு அனுப்ப வண்டி, சம்பளம் பிடிக்காத லீவு. கேள்வி இரண்டு நாள் கழித்து, எல்லா டியூட்டிக்காரர்களையும் உட்கார வைத்து. முடிந்தால் அந்த நோயாளியையும் பிறகு கேட்க வேண்டும். அவருக்குத்தான் மூன்று மணி நேரம் கேட்டடியில் என்ன நினைத்தார் என்று தெரியும்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு சொற்பொழிவுக்குச் செலவழிப்பதில் ஒரு பகுதியை, ஒரே ஒரு வார்டில், டியூட்டி மாறும் நேரத்தைப் பதினைந்து நிமிடம் நீட்டுவதற்குக் கொடுங்கள். காலைக்காரரும் ராத்திரிக்காரரும் ஒரே மேசையில் உட்கார, ஆயாம்மாவும் வார்டரும் நாற்காலி போட்டு உட்கார. இன்று யாருக்கு என்ன மறுத்தோம், என்ன வாக்குக் கொடுத்தோம் என்ற இரண்டு பத்தி மட்டும் போட்ட ஒரு நோட்டு போதும். ஆறு மாதம் கழித்து அந்த வார்டின் பதிவேட்டில் 'திடீரென்று' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். நைட் டியூட்டிக்குப் போக வேண்டியவர்கள் முதலில் கேட்கலாம்.